ஆமை புகுந்த வீடு

நடுவர் ஐயா, எதிரணியினரே, அவையோரே, வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம், அதை வணக்கத்திலேயே செலவழிக்க மாட்டேன்.

துருக்கியின் ஒஸ்மான் ஹம்தி பே, ஓவியரும் அருங்காட்சியக இயக்குநரும். அவர் பெயர் நிலைத்தது தூரிகையாலா, அருங்காட்சியகத்தாலா? இதுதான் தலைப்பு. நான் தூரிகைக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய தம்பி அருங்காட்சியகப் பெருமையை அடுக்கினார். 1881-இல் இஸ்தான்புல் அரசு அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். 1884-இல் பழம்பொருள் எதுவும் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் கொண்டுவர வைத்தார். 1887-இல் இன்றைய லெபனானில் இருக்கிற சீதோனில் தோண்டி, அலெக்சாந்தர் உருவம் செதுக்கிய 'அலெக்சாந்தர் சவப்பேழை'யை எடுத்தார். 1891-இல் இஸ்தான்புல்லில் புதுக் கட்டடம் திறந்தார். எல்லாம் சரி, ஒன்றையும் மறுக்கவில்லை. மறுத்தால் நடுவர் என்னை உட்கார வைத்துவிடுவார்.

தம்பி அதோடு விட்டாரா? போகிற போக்கில் ஒரு குத்து விட்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. ஆமைப் படத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற எதிரணியும் உருப்படாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, ஆமைக்கே வருவோம்.

1906-இல் ஹம்தி பே வரைந்த படம். ஏழு அடிக்கும் மேல் உயரம். புர்சா நகரத்துப் பச்சை மசூதியின் மாடி அறை. சுவரில் நீல ஓடுகள், அங்கங்கே காரை பெயர்ந்து கிடக்கிறது. வெளிச்சம் தாழ்வான ஒரு சன்னல் வழியாக வருகிறது. சிவப்பு அங்கி போட்ட கிழவர் ஒருவர் முதுகு வளைந்து நிற்கிறார். இரண்டு கையையும் பின்னால் கட்டி ஒரு நாணல் குழலைப் பிடித்திருக்கிறார். முதுகில் சின்ன முரசு ஒன்று தொங்குகிறது. காலடியில் ஐந்து ஆமைகள். இவர் குழல் ஊதி ஆமையைப் பழக்க வந்தவர். ஆமைகளுக்கோ தரையில் கிடக்கிற இலைமேல்தான் கண். அடித்து வழிக்குக் கொண்டுவரலாமா? ஓட்டின்மேல் அடித்து யாருக்கு என்ன லாபம்!

அந்த நாட்டில் ஆமைக்கு முன்பே மரியாதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இஸ்தான்புல் பெரிய மனிதர்கள் இரவு விருந்துகளில் ஆமை முதுகில் மெழுகுவர்த்தி ஏற்றித் தோட்டத்தில் உலாவ விடுவார்களாம். கரண்ட் பில் இல்லாத சீரியல் செட்.

இப்போது கேளுங்கள். 2004 டிசம்பரில் இந்தப் படம் இஸ்தான்புல்லில் ஏலத்துக்கு வந்தது. இஸ்தான்புல் மாடர்ன் என்ற அருங்காட்சியகம் ஒரு பக்கம், பெரா அருங்காட்சியகத்தைத் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்த கிராச் அறக்கட்டளை மறுபக்கம். ஏறுகிறது, ஏறுகிறது, கடைசியில் எங்கே போய் நின்றது தெரியுமா? ஐந்து லட்சம் கோடி லிரா! பின் வரிசைக்குக் கேட்டதா? ஐந்து... லட்சம்... கோடி! தலைக்கு ஒரு லட்சம் கோடி வாங்கியிருக்கிறது ஒவ்வொரு ஆமையும். கிழவரை இலவச இணைப்பாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பயப்படாதீர்கள், அது பழைய லிரா. அடுத்த மாதமே அரசாங்கம் ஆறு சைபரை வெட்டிவிட்டது. அன்றைய டாலர் கணக்கில் சுமார் 35 லட்சம். அதுவரை எந்தத் துருக்கி ஓவியத்துக்கும் அங்கே அப்படி ஒரு விலை கிடைத்ததில்லை. வாங்கியது பெரா. 2005-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள், இன்றைக்கும் அதன் பெருமையே இந்தப் படம்தான். இப்போது சொல்லுங்கள் தம்பி, ஆமை புகுந்த வீடு உருப்பட்டதா இல்லையா? அமீனா வந்தாரா என்பதை விசாரித்துச் சொல்கிறேன்.

அதைவிட ஒன்று. பின்னாளில் ஒரு தம்பி இப்படிக் கேலி செய்வார் என்று ஹம்தி பேக்கு எப்படித் தெரிந்ததோ, 1907-லேயே அதே படத்தை இன்னொரு தடவை வரைந்தார். இந்தத் தடவை ஆறு ஆமை!

அப்புறம், "வரைய ஆள் கிடைக்காமல் தன்னையே வரைந்துகொண்டவர்" என்றும் தம்பி சொன்னார். உண்மைதான், அந்த ஆமைக்காரக் கிழவர் ஹம்தி பேயேதான். பழங்கால உடையை மாட்டிக்கொண்டு நிற்பார், புகைப்படம் எடுக்கச் சொல்வார், அதைப் பார்த்து வரைவார். ஒரு படத்தில் ஓதுகிற பெரியவர், இன்னொன்றில் ஆமைக்காரர். 1908-இல் ஆயுத வியாபாரி வரைந்தபோது மகனையும் இழுத்து வந்து நிற்க வைத்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ராணுவப் பள்ளியில் படித்து வந்த ஓவியர்கள் தோட்டம் வரைந்தார்கள், குளம் வரைந்தார்கள், ஆள் நடமாட்டம் மட்டும் அபூர்வம். அந்த வெறிச்சோடிய படங்களுக்குள் மனிதனை முழு உருவமாக, முகத்தோடு கொண்டுவந்து நிறுத்தியவர் இவர். நிற்க ஆள் வரவில்லையென்றால் என்ன, நானே நிற்கிறேன் என்றார்.

1860-இல் பாரிசுக்கு இவரை அனுப்பியது சட்டம் படிக்க. ஒழுங்காகப் படித்திருந்தால் இன்று எதிரணியில் உட்கார்ந்திருப்பார். போன இடத்தில் தூரிகை பிடித்தார். அங்கே இருந்த ஓவியர்கள் கிழக்கு நாட்டுப் பெண் என்றாலே குளியலறையிலும் அந்தப்புரத்திலும் படுக்கப் போட்டு வரைந்தார்கள். இவர் வரைந்த பெண் உடுத்தி உட்கார்ந்து புத்தகம் படித்தாள். 1880-இல் வரைந்த அப்படி ஒரு பெண்ணை 2019-இல் லண்டனில் ஏலம் விட்டபோது 60 லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஆமையையே தோற்கடித்துவிட்டாள்.

விலையை விடுங்கள். இவருடைய அப்பா எத்தெம் பாஷா, கிரேக்கர்கள் வாழ்ந்த கியோஸ் தீவுக்காரர் என்பார்கள். 1822-இல் அந்தத் தீவில் நடந்த படுகொலையில் உறவைப் பறிகொடுத்து அடிமையாக விற்கப்பட்ட சின்னப் பிள்ளை. ஒரு பாஷா எடுத்து வளர்த்தார். அந்தப் பிள்ளை 1877-இல் உதுமானிய சாம்ராஜ்யத்துக்கே பிரதம மந்திரியானது. எல்லாம் கிடைத்தது. பெற்றவளின் முகம் கிடைத்திருக்குமா? அப்படிப்பட்டவரின் மகன்தான் உட்கார்ந்து உட்கார்ந்து முகம் வரைந்தார். மனைவி நயிலேயை வரைந்தார், மகள்களை வரைந்தார், மகனை வரைந்தார். ஒருவர் முகத்தையும் தொலைக்க விடவில்லை. இதில் தர்க்கம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கட்டும் ஐயா, அம்மா முகத்துக்கு என்ன தர்க்கம்?

கோடை வந்தால் மர்மரா கடலோரம் எஸ்கிஹிசார் என்ற கிராமத்துக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு வீடும் ஓவியக்கூடமும் உண்டு. அந்த வீட்டு மரக்கதவுகளில் அவர் கையாலேயே பூ வரைந்தார். எந்த ஏலத்துக்கும் வராத பூக்கள், வீட்டுக்காரர்கள் காலையில் கதவைத் திறக்கும்போது பார்ப்பதற்காக வரைந்தவை. 1910 பிப்ரவரியில் கண்ணை மூடினார். 29 வருடம் கட்டிக் காத்தாரே ஓர் அருங்காட்சியகம், அதன் தோட்டத்திலா போய்ப் படுத்தார்? இல்லை ஐயா. எஸ்கிஹிசாருக்குக் கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னார். அங்கேதான் இருக்கிறார், அந்தக் கதவுகளுக்குப் பக்கத்தில். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார், நீங்களும் நானும் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மணியில் கை வைக்காதீர்கள் ஐயா, முடித்துவிட்டேன். தீர்ப்பைத் தூரிகைப் பக்கம் எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.