ஏறும்போது ஒரு சூடு, இறங்கும்போது ஒரு சூடு

நேயர்களுக்கு வணக்கம். வாகனத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கராஜ் வைத்திருப்பவன் இல்லை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில் மெசின் பார்க்கிறவன். வீட்டில் நிற்பது 1996ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. 318i கார். பேரைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் ஓடுகிற எந்தச் சின்னக் காருக்கும் பொன் விலை. செலவு வைக்கும் என்று எல்லோரும் பயந்து ஒதுக்கிய இந்தக் கிழட்டு ஜெர்மன்காரன் மட்டும்தான் என் கைக்கு எட்டினான்.

வாங்கிக் கொண்டுவந்த முதல் நாளே பாடம் ஆரம்பமாகிவிட்டது. அவிசாவளை, கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. வட்டவளையை நெருங்க முன்கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படர்ந்தது. வட்டவளையில் பனிமூட்டம் புதுசா? வைப்பரைப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்திலிருந்த மனைவி, "என்னங்க, யாரோ பாணி காய்ச்சுற வாசம் வருது" என்றாள். கித்துல் பாணிக்குப் பேர்போன ஊர்ப்பக்கம்தானே, நானும் தலையாட்டினேன். இன்னும் இரண்டு வளைவு போனபிறகுதான் மண்டையில் உறைத்தது. பனிமூட்டத்துக்கு ஏது இனிப்பு வாசம்? எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கூலன்ட் கொதித்து வெளியேறும் வாசம் அது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்தால், ரேடியேட்டரில் மேல் ஹோஸ் மாட்டுகிற பிளாஸ்டிக் கழுத்து ஒடிந்து கையோடு வந்தது.

இந்த மொடல் கார்களில் அது தெரிந்த நோய்தான். ரேடியேட்டரின் இரண்டு பக்கத் தொட்டியும் பிளாஸ்டிக். வருடக்கணக்காகச் சூடு பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி ஆகிவிடும். கூலன்ட் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் கூடு, சிலவற்றில் வாட்டர் பம்பின் உள்விசிறி எல்லாம் அதே சாதி. சூட்டைக் காட்டும் ஊசியையும் நம்பியிருக்க முடியாது. கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது நட்ட நடுவில் நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அது நகர்ந்தால் எஞ்சின் ஏற்கனவே தவித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சினின் கீழ்ப்பாகம் வார்ப்பிரும்பு, அதை மூடும் மேல்பாகமான ஹெட் அலுமினியம். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஹெட் வளைந்து, நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் போனால் காரின் விலையில் பாதி போனமாதிரி.

கீழ்நாட்டுக்காரருக்கு இல்லாத கணக்கு ஒன்று நமக்கு உண்டு. நுவரெலியாவில் பருப்பு அவிய ஏன் நேரமெடுக்கிறது? ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டோ பல எஞ்சின்களில் 90 பாகைக்குக் கிட்டத்தான் திறக்கவே தொடங்கும். நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். எஞ்சினைக் காப்பாற்றுவது கூலன்ட் தொட்டியின் சின்ன மூடிதான். அது உள்ளே அழுத்தத்தை அடைத்து வைப்பதால்தான் கூலன்ட் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கொழும்பில் பிழைத்துக்கொள்ளும் கார் இங்கே கொதிக்கும். எனவே பழைய கார் வாங்கினால் முதலில் மாற்ற வேண்டியது மூடி. மலிவான சாமான், அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. சூடாக இருக்கும்போது மட்டும் அதில் கை வைத்துவிடாதீர்கள். அன்றிரவு நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்துதான் திறந்தேன்.

இந்தக் காரில் எயார் எடுப்பது, அதாவது கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, தனிக்கலை. நம் வீட்டு வாசலில் சமதரையே இல்லை என்று அலுத்துக்கொள்கிறோமே, அந்தச் சரிவு இந்த ஒரு வேலைக்கு வரம். மூக்கு மேட்டைப் பார்க்கும்படி காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். அப்போதுதான் ஹீட்டருக்குப் போகும் வழி திறக்கும். மேல் ஹோஸுக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு, தொட்டியில் கூலன்ட்டை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். முதலில் திருகு வழியாக நுரை நுரையாக வரும், பிறகு விக்கி விக்கி வரும், கடைசியில் ஒரே சீராக வழியும். அந்த நேரத்தில் மூடுங்கள். திருகு பிளாஸ்டிக் என்றால் விரல் பலம் போதும், பலசாலித்தனம் வேண்டாம். ஓடிப் பார்க்கும்போது எஞ்சின் சூடாகியும் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே இன்னும் எயார் இருக்கிறது. மறுநாள் காலையில் ஆறியபின் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

சரி, என்ன ஊற்றுவது? லொறிக்காரர்களைப் பார்த்துப் பீலித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஊற்றலாம், தப்பில்லை. அதையே வருடம் முழுக்க ஊற்றினால் உள்ளே துருவும் கசடும்தான். கூலன்ட் உறைபனிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதன் வேலை. காருக்கு ஏற்ற கூலன்ட் பாதி, வடிகட்டிய தண்ணீர் பாதி. பச்சைக் கூலன்ட்டையும் நீலக் கூலன்ட்டையும் கலக்காமல் இருப்பதே நல்லது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. "நம்ம நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்லை" என்று அதைக் கழற்றி வீசுகிற மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். என் காரிலும் யாரோ அந்தத் திருப்பணியைச் செய்திருந்தார்கள். எந்த நாட்டுச் சூடு ஐயா? தை மாதத்தில் நுவரெலியாப் புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கிறது! தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் அங்கே சூடேறவே ஏறாது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அதிகமாகப் போகும், பிளக் கறுக்கும், வருடாந்தப் புகைச் சோதனையில் தலை குனிய வேண்டிவரும். எனக்கு அது நடந்தது. புதிதாக ஒன்று போட்ட பிறகுதான் சான்றிதழ் கையில் கிடைத்தது.

இதெல்லாம் ஏறும்போது வரும் சூடு. இறங்கும்போது சூடு சக்கரத்துக்குப் போகிறது.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வளைவுக்கு வளைவு பிரேக். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? டொட் 4 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி நசுங்கும், ஒயில் நசுங்காது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லொறி டிரைவர்கள் சொல்வதை நான் இன்றும் கேட்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலையும் மாற்றிவிடுகிறேன்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டில் பெடலுக்குப் பொறுப்பு மகள். "பாப்பா, அமத்து" என்றால் அமத்திப் பிடிப்பாள். நான் சக்கரத்தடியில் ஒயிலை வெளியே விடும் திருகான நிப்பிளைத் திறந்து, பழைய ஒயிலை குழாய் வழியாகப் போத்தலுக்குள் விட்டு, மூடியபின் "விடு" என்பேன். மூடுமுன் விட்டால் எயார் உள்ளே போய்விடும். முதல் தடவை அப்படித்தான் ஆனது. "நீங்க மெதுவா சொன்னா எனக்கு எப்படிப்பா கேக்கும்?" என்று என்மேலேயே பாய்ந்தாள். நியாயம்தான். பெடலுக்கு அடியில் விறகிலிருந்து வெட்டிய ஒரு கட்டையும் வைத்திருக்கிறோம். பெடல் அமத்தும்போது ஒயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; அது வயதானதாக இருந்து பெடலைத் தரைவரை அமத்தினால், இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் ரப்பர் சீல் உரசிக் கிழிந்துவிடும். ஒயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் பொங்கிவிடும்.

சக்கரம் கழற்றுகிற வேலையை நான் வாசலில் செய்வதில்லை. காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும், தோட்டத்திலேயே சமமான இடம் அதுதான். ஏன் இவ்வளவு பயம் என்றால், இந்தக் காரில் எஞ்சின் பின்சக்கரத்தைத்தான் சுற்றுகிறது. ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான், கியர் போட்டாலும் நிற்பது பின்சக்கரம்தான். பின்பக்கத்தை முழுதாகத் தூக்கிவிட்டால் காரைப் பிடித்து வைக்க ஒன்றுமே மிச்சமில்லை. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். ஸ்டாண்ட் வைக்காமல் கீழே தலையை நீட்டாதீர்கள்.

சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். "96 மொடல்" என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரே வருடத்துக்குள்ளேயே சாமான் மாறியிருக்கும். சேசிஸ் இலக்கத்தின் கடைசி ஏழு எழுத்தை எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய சாமானையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கையோடு கொண்டுபோன கிரீஸ் படிந்த இரும்பை கடைக்காரர் பார்த்தவுடனே ஆள் வேலை தெரிந்தவன் என்று நினைத்துவிடுகிறார், விலையிலும் கொஞ்சம் இரக்கம் வருகிறது.

இப்போது குழியில் விழும்போது முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ், சந்தேகமில்லை. நெம்பிப் பார்த்தபோது ரப்பர் பிளந்து கிடந்தது. புதிய சோடி போன வாரமே வந்துவிட்டது, வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பழையதை வெளியே எடுக்க இழுவைக் கருவியும், புதியதை அழுத்தி ஏற்ற பிரஸ் மெசினும் வேண்டும். பெக்டரி வேர்க்ஷொப்பில் பிரஸ் இருக்கிறது. பெக்டரி ஐயாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவரும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். வணக்கம்.