செயினைக் காக்கும் ஒரு சாண் ரப்பர்

நேயர்களுக்கு வணக்கமுங்க. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையில் சைக்கிளில் போனவர்கள் சேற்றுக் காலோடுதான் வீடு திரும்பியிருப்பீர்கள். துணியில் பட்ட சேறு துவைத்தால் போய்விடும். செயினில் பட்ட சேறு அப்படிப் போகாது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

செயினுக்குச் சேறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பின் சக்கரத்தைக் காட்டுவார்கள். பின் சக்கரம் அடிப்பது பெரும்பாலும் நம் முதுகிலும், பின்னால் வருபவர் மேலும்தான். செயினைக் கெடுப்பது முன் சக்கரம். முன் டயர் தரையை விட்டு மேலே எழும்புகிற இடத்தில் தண்ணீர் பின்பக்கமாகச் சீறும். அதற்கு நேர் எதிரே இருப்பவை பெடலும் பல்சக்கரமும் செயினும்.

இது எனக்குத் தெரிய வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் காளிங்கராயன் வாய்க்கால் ஓரம். பவானியிலிருந்து நொய்யல் வரை போகிற வாய்க்கால்; அதன் கரைமண் மழைக்கு எப்படி ஒட்டும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அப்பாருவின், அதாவது தாத்தாவின், சைக்கிளில் இரண்டு பால் கேன் கட்டிக்கொண்டு நான்தான் சொசைட்டிக்குப் போவேன். பந்தய சைக்கிள் மாதிரி இருக்கட்டும் என்று முன் மட்கார்டைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டேன். அந்த ஐப்பசி முழுக்க அப்படியே ஓட்டினேன். கார்த்திகையில் ஒரு விடியற்காலை, மதகு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. சைக்கிள் சாய்ந்து ஒரு கேன் பால் வாய்க்காலோடு போயிற்று.

அப்பாரு திட்டவில்லை. சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் செயினை விரலால் வழித்து, அந்தக் கறுப்பு மையை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். நறநறவென்றது. "கண்ணு, இது எண்ணெய் இல்லை, சாணைக்கல்லு" என்றார். அந்த நறநறப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

அவர் சொன்னது முழு உண்மை. மணலில் உள்ள படிகக்கல் துகள் மிகக் கடினமானது. செயினில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியையும் கோக்கிற சின்ன ஆணியான பின்னைச் சுற்றி எண்ணெயும் மணலும் கலந்து உட்கார்ந்து, மிதிக்க மிதிக்க அறுக்கிறது. ஒவ்வொன்றும் மயிரிழை தேய்ந்தாலே போதும், மொத்தச் செயினும் நீண்டு, பல்லில் சரியாக உட்காராமல் குதிக்கும்.

அன்று அவர் பழைய லாரி டியூபில் ஒரு சாண் நீளம் வெட்டினார். டயரைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். மட்கார்டை மறுபடி மாட்டி, அதன் அடிநுனியில் இரண்டு சின்ன போல்ட், வாஷர் வைத்து முடுக்கினார். ரப்பரின் நுனி தரைக்கு நாலு விரற்கடை மேலே நின்றது. மட்கார்டு இருந்தால் மட்டும் போதாதுங்க, அது எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் கணக்கு. கெட்டித் தகடு வைக்காதீர்கள். கல்லில் மாட்டினால் மட்கார்டையே பிய்த்துவிடும். ரப்பர் மடங்கிக் கொடுக்கும். வண்டல் மண்ணில் ஓட்டுபவர்கள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் சேறு அடைத்துச் சக்கரமே நின்றுவிடும்.

இப்போது பிள்ளைகளுக்கு வாங்கும் கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு மட்கார்டும் இல்லை, செயின் கவரும் இல்லை. வாங்கும்போதே முழு நீள மட்கார்டு கேட்டு மாட்டுங்கள். முன் சக்கரத்துக்கு முதலில். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முன் சக்கரத்துக்கு.

எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். மெஷின் ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். செயின் தேய்ந்ததா என்று பார்ப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரை அங்குலக் கண்ணி 24 சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து, 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை அளங்கள். வீசம், அதாவது அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். அரைக்கால் அங்குலம் கூடிவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். வணக்கமுங்க.