இளைத்துப் போன வெள்ளைப் பந்து

[திரையில்: பச்சைத் துணி மேல் ஒரு வெள்ளைப் பந்தும் ஒரு மஞ்சள் பந்தும் ஒட்டி நிற்கின்றன]

இந்த ரெண்டு பந்தையும் உற்றுப் பாருங்கள். எது சின்னது என்று கண்ணால் சொல்ல முடிகிறதா? எனக்கும் முடியவில்லை.

பாளையங்கோட்டையில் நாங்கள் பூல் (மேசைமேல் குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆடுகிற கிளப்பில் பல வருஷமாக உருண்ட பந்துகள் இவை. போன வருஷம் ரெண்டு மாதமாக எனக்கு ஸ்டன் ஷாட் கைகூடவே இல்லை. குச்சியால் நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை நேருக்கு நேர் மோதினால் அங்கேயே நிற்க வேண்டும். அது லேசாகப் பின்வாங்கி நின்றது. கையில்தான் கோளாறு என்று தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பழகினேன். கடைசியில் டேபிளைக் கவனித்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணாச்சிதான் சொன்னார்: "தம்பி, ஒங் கையில ஒண்ணும் இல்ல. வெள்ளப் பந்துதான் எளச்சுப் போச்சு."

[திரையில்: நகைப் பட்டறைத் தராசில் பந்து]

டவுனில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோய் நிறுத்தோம். மஞ்சள் 166.3 கிராம், வெள்ளை 163.1. அப்புறம் ஒரு லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பரில் பிடித்துப் பார்த்தோம். மஞ்சள் 57.1 மில்லிமீட்டர், வெள்ளை 56.7.

பூல் பந்துக்கு சர்வதேச விதி சொல்லும் விட்டம் 57.15 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.127 வரை விடுவார்கள். எடை 156 முதல் 170 கிராம். எங்கள் வெள்ளை எடையில் பாஸ், விட்டத்தில் ஃபெயில். அதனால் எடையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கூட இருக்கும் பந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஏன் வெள்ளை மட்டும் முதலில் தேய்கிறது? ஒவ்வொரு ஷாட்டிலும் கியூவின், அதாவது ஆட்டக் குச்சியின், அடியை வாங்குவது அது ஒன்றுதான். உருளத் தொடங்கும் முன் துணி மேல் வழுக்கிக்கொண்டே போகிறது. அந்த உராய்வில் நல்ல சூடு. ஆட்டத்தின் முதல் அடியான பிரேக் அடிக்கும் இடத்தில் துணியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்குமே, அது இந்தச் சூடு பொசுக்கிய தடம்தான்.

[திரையில்: ஒன்றின் மேல் ஒன்று மோதும் பந்துகள், மெதுவாக]

லேசான பந்து கனமான பந்தை மோதினால் கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். அதனால் மோதியபின் வெள்ளையைப் பின்னால் வரவைக்கும் ட்ரா ஷாட் நினைத்ததைவிட அதிகமாக இழுத்துக்கொண்டு வரும். வெள்ளையை முன்னால் தொடரவைக்கும் ஃபாலோ ஷாட் பாதியில் சோர்ந்து நிற்கும். ஒரு ஷாட்டில் இது சின்ன வித்தியாசம்தான். ஆனால் அடுத்த பந்துக்கு நிற்கும் இடம் நாலு விரல் தள்ளிப்போனால் ஆட்டமே மாறிவிடும். வண்ணப் பந்துகளும் ஆளுக்கொரு அளவில் தேய்ந்திருந்தால், தொடக்கத்தில் முக்கோணமாக அடுக்கும் ராக்கில் இடைவெளி விழும். பிரேக்கில் பந்துகள் சிதறாமல் கும்பலாகவே கிடக்கும்.

தேய்மானத்தைவிட அன்றாடம் ஆட்டத்தைக் கெடுப்பது அழுக்கு. என் அனுபவத்தில் இதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ரெண்டு பந்து தொடும் புள்ளியில் கியூ நுனியில் தேய்க்கும் சாக்பொடி ஒட்டியிருந்தால் பந்துகள் ஒரு கணம் கவ்விக்கொள்ளும். அடிபட்ட பந்து குறி வைத்த கோட்டில் போகாமல், வெள்ளை போய்க்கொண்டிருந்த திசைப் பக்கமாக இழுபடும், வேகமும் செத்துப்போகும். இதைத்தான் 'கிக்' என்கிறோம். அழுக்குப் பந்திலேயே பழகியவர் இதற்கு ஈடாகக் கொஞ்சம் மெல்லிசாகவே, அதாவது பந்தின் ஓரத்தைப் பார்த்தே, குறிவைக்கக் கற்றுக்கொள்வார். அவரே வெளியூர் போட்டியில் பளபளவென்ற பந்தில் ஆடினால், அதே குறி அளவுக்கு மீறி மெல்லிசாகப் போய் பாக்கெட்டின் உதட்டில் இடிக்கும்.

நம்ம ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று குற்றாலத்துக்குச் சாரல் தருகிறது. பாளையங்கோட்டைக்கு வரும்போது புழுதியைத்தான் கொண்டுவருகிறது. ஜன்னல் திறந்திருந்தால் அந்தப் பொடி மணல் துணிக்குள் இறங்கி, உருளும் பந்தைக் கீறிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் டேபிளைத் தினமும் பிரஷ் போடுங்கள், ஆடாத நேரம் மூடி வையுங்கள்.

பந்தைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். மெல்லிய துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். தின்னரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வேண்டாம். கார் மெழுகும் வேண்டாம். அது படலமாக ஒட்டி உராய்வையே மாற்றிவிடும்.

[திரையில்: கடை மேசையில் இரண்டு வகைப் பந்துகள்]

பந்தின் ஆயுள் எதனால் செய்தது என்பதைப் பொறுத்தது. ஒரு காலத்தில் யானைத் தந்தத்தில் கடைந்தார்கள்; அது ஈரப்பதத்துக்கு ஏற்ப உருமாறும், விரிசல் விடும். இப்போது நல்ல பந்து என்றால் பினாலிக் பிசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக். விலை குறைந்த பாலியெஸ்டர் சீக்கிரம் மங்கிக் கீறல் விழும். பினாலிக் பல மடங்கு உழைக்கும். மாதச் சந்தாவில் ஓடும் சின்ன கிளப்புக்கும் பினாலிக்தான் கட்டுப்படியாகும் என்பேன்.

வெள்ளையை மட்டும் மாற்றுவதானால் உங்கள் செட்டில் ஒரு வண்ணப் பந்தையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டையும் தராசிலும் காலிப்பரிலும் வைத்துப் பார்த்துப் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் மஞ்சளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனோம். மூன்றாவதாகக் காட்டிய வெள்ளைதான் பொருந்தியது.