திண்டுக்கல் டூ பழனி 60 கிலோமீட்டர்: லீவு போடாம நடக்கிறது எப்படி?

வணக்கங்க. தைப்பூசம் நெருங்குது. லீவு கிடைக்காதவங்க பழனிக்கு நடக்க முடியுமான்னா, முடியும். மதுரையிலேருந்துன்னா சுமார் 120 கிலோமீட்டர், அது ரெண்டு நாள்ல ஆகாது. திண்டுக்கல்லேருந்து ஏறக்குறைய 60 தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு திண்டுக்கல்ல கிளம்புங்க. மணிக்கு 5 கிலோமீட்டர்னு கணக்குப் போடாதீங்க. டீ, உக்கார்றது எல்லாம் சேத்தா 4 தான் வரும். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒட்டன்சத்திரம் சேர விடிகாலை 4 ஆயிடும். அதுதான் பாதி தூரம். பகல் பூரா அங்கயே படுத்துருங்க. சாயங்காலம் 4 மணிக்கு எழுந்து விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியா நடந்தா நடுராத்திரிக்குள்ள பழனி. ஞாயிறு காலையில மலை.

பயிற்சிக்கு 8 வாரம் வேணும். வேலை நாள்ல முக்கால் மணி நேரம் போதும். பஸ்ல ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கினா அதுவே கணக்குல வந்துரும். முக்கியம் சனி ஞாயிறு. சனிக்கிழமை 20 கிலோமீட்டர், மறுநாள் காலையில அதே வலியோட 12 கிலோமீட்டர். அந்த ரெண்டாவது நாள் நடைதான் உண்மையான பரீட்சை. கடைசி 10 நாள் நடையை பாதியாக் குறைச்சிடுங்க.

இப்ப கால். பாதியில நின்னுபோறவங்கள்ல பல பேருக்கு மூச்சு வாங்கி நிக்கறதில்ல, கொப்புளம்தான் நிறுத்துது. அது வர்ற இடம் குதிகாலோட ஓரம், அப்புறம் கட்டைவிரல் அடி. தண்ணிப் பந்தல்ல கால்ல தண்ணி ஊத்திக்கிட்டு ஈரத்தோட சாக்ஸ் மாட்டுவாங்க பாருங்க, ஊறின தோல் உரசினா ஒரு மணி நேரத்துல கொப்புளம்தான். துடைச்சு, காய வச்சு, வேற சாக்ஸ் மாட்டுங்க. ரெண்டு ஜோடி கட்டாயம். எரியுதேன்னு தோணின அந்த நிமிஷமே நின்னு பிளாஸ்திரி ஒட்டணும். "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்"னு நடந்தா முடிஞ்சது கதை. சின்னக் கொப்புளத்தைத் தொடாதீங்க. பெருசா வலிச்சா சுத்தமான ஊசியால ஓரத்துல குத்தி நீரை மட்டும் எடுங்க, தோலை உரிக்காதீங்க. சுகர் இருக்கறவங்க குத்தவே கூடாது, டாக்டர்கிட்ட போங்க.

வெறுங்கால்ல நடக்கறவங்க பயிற்சியையும் வெறுங்கால்லயே பண்ணுங்க. வெயில்ல ரோட்டோர வெள்ளைக் கோட்டு மேல நடங்க, தாரை விட சூடு குறைவு. ஆனா கோடு வண்டிப் பக்கம் இருக்கு, எதிர்ல வர்ற வண்டி கண்ணுல படற மாதிரி வலது ஓரமாவே போங்க. ராத்திரி முதுகுல ஒளிரும் ஸ்டிக்கர், கையில டார்ச்.

தொடை உரசலுக்கு தேங்காயெண்ணெய் வேர்வையில போயிடும், வாசலின் நிக்கும். வேட்டிக்கு உள்ள இறுக்கமான ஷார்ட்ஸ்.

வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளாதீங்க, உடம்புல உப்பு குறைஞ்சு தலை சுத்தும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர்ல கரைச்சு அப்பப்ப குடிங்க. அரை பாட்டில்ல கொட்டினா ஆகாது. பந்தல்ல யாரோ குடுத்தாங்கன்னு வலி மாத்திரை போடறதும் வேண்டாம். உடம்பு வறண்டிருக்கும்போது கிட்னிக்கு ஆபத்து.

மலைக்கு 693 படி. ஏறுறது பெருசா தெரியாது, இறங்குறதுதான் தொடையை வாங்கும். அந்த வலி மறுநாள்தான் வரும், அதாவது திங்கட்கிழமை ஆபீஸ்ல. அதனால இறங்கறதுக்கு மட்டும் விஞ்ச்ல (மலையில கயிறு இழுத்து ஓடற ரயில்) டிக்கெட் எடுத்துருங்க.