வலைக்கும் வயலுக்கும் ஒரே ஆலை

[காட்சி: அக்கரைப்பேட்டை துறைமுகம். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலைப் பின்னும் கை.]

வணக்கம். நாகப்பட்டினத்தை ஒட்டிய அக்கரைப்பேட்டைக்கு வந்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஜூன் 12, அணையில் தண்ணீர் இருந்தால் குறுவைக்கு மேட்டூர் திறக்கிற நாள். ஆக, கரையில் வலை நூல் வாங்குகிற அதே வாரத்தில் வயல் பக்கம் உரக் கவலை தொடங்கிவிடும். அந்த நூலும் உரமும் ஒரே ஆலையில் பிறக்கக்கூடியவை.

[காட்சி: விரலில் சுற்றிய நைலான் நூல்.]

பல வலைகளின் நூல் நைலான் 6. அதற்கு மூலப்பொருள் கேப்ரோலாக்டம். கச்சா எண்ணெயிலிருந்து வரும் பென்சீனில் ஆரம்பித்து, படிப்படியாக மாற்றி, கடைசிக் கட்டத்தில் கடுமையான கந்தக அமிலத்தில் வைத்து இதை எடுக்கிறார்கள். சரி, மிஞ்சிய அமிலத்தை என்ன செய்வது? அம்மோனியா விட்டு முறிக்கிறார்கள். சர்க்கரை போல வெள்ளைப் படிகம் கிடைக்கிறது. அதுதான் அம்மோனியம் சல்பேட்.

[காட்சி: உள்ளங்கையில் உரம், பின்னால் நாற்றங்கால்.]

நூற்றுக்கு 20 பங்குக்குச் சற்று மேல் தழைச்சத்து, 23 பங்கு கந்தகம். பழைய முறையில் ஒரு டன் கேப்ரோலாக்டத்துக்கு 4 டன்னுக்கு மேல் இந்த உரம் சேரும். பிற்கால முறைகளில் 2 டன்கூடத் தேறாது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். யூரியாவுக்குத் தேவை கூடினால் யூரியா ஆலையைக் கூடுதலாக ஓட்டலாம். இந்த ஆலையோ நைலானை நம்பி ஓடுகிறது. துணி, டயர் நூல், வண்டி உதிரிபாகம் எல்லாம் விற்றால்தான் கேப்ரோலாக்டம் போகும்; அது தேங்கினால், வயலில் எவ்வளவு தேவை இருந்தாலும் உரமும் சேர்ந்தே குறையும். கொச்சி உத்யோகமண்டலில் ஃபாக்ட் நிறுவனத்தின் கேப்ரோலாக்டம் ஆலை கட்டுப்படியாகாமல் 2012-ல் நின்றது. மறுபடி ஓடப் பல ஆண்டுகள் ஆயின. எரிவாயு விலை ஏறியதும் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப் (BASF) நிறுவனம், லுட்விக்ஸ்ஹாஃபன் கேப்ரோலாக்டம் ஆலையை மூடப்போவதாக 2023-ல் அறிவித்தது. இன்று உலகின் கேப்ரோலாக்டம் உற்பத்தித் திறனில் பாதிக்கு மேல் சீனாவில். அம்மோனியம் சல்பேட் ஏற்றுமதியிலும் அவர்கள்தான் முதலிடம். குறுவைக்கு உரம் திட்டமிடுகிறவர்கள் நைலான் சந்தையையும் ஒரு கண் பார்த்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

[காட்சி: கரையில் குவிந்து கிடக்கும் கிழிந்த வலைகள்.]

அப்புறம், இந்தக் குவியல். நைலான் 6-ஐச் சிதைத்தால் மீண்டும் கேப்ரோலாக்டமே கிடைக்கும். ஸ்லோவேனியாவில் பழைய மீன்வலையிலிருந்து இப்படிப் புது நூல் எடுக்கிறார்கள். நம் கரையிலும் வலையைத் தனியாகச் சேர்த்து எடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஆனால் அந்த வழியில் நூல் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். உர மூட்டை வராது.