நாக்குக்கு ஓய்வு கொடுங்கள்

அவையோருக்கு வணக்கம். நூலகத்தில் சுகாதார விதிகளை வாசகர் மனதில் பதியும்படி சொல்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அறிவிப்புப் பலகை எழுதியே கை ஓய்ந்த பழைய கிளை நூலகர் நான். அந்தப் பலகைகளில் முக்கால்வாசி வீண் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாளிதழ் மேசையை எடுத்துக்கொள்வோம். கதவு திறந்ததும் வரும் பெரியவர்களை உங்களுக்குத் தெரியும். பேப்பரை விரிப்பார். ஆட்காட்டி விரல் நாக்குக்குப் போகும், அப்புறம் தாளின் ஓரத்துக்கு வரும். அதே பேப்பர் அடுத்தவர் கைக்குப் போகும், அங்கேயும் ஒரு நாக்கு. ‘எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்’ என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதி எதிர்ச் சுவரில் மாட்டினேன். ஒருவர் நிமிர்ந்து அதை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

கோபம்தான் வந்தது. யோசித்தால் அவர்மேல் தப்பில்லை. வயதானவரின் விரல் வறண்டிருக்கும், தாள் பிரியாது. கூடாது என்றேனே தவிர, வேறு என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை.

வங்கிக் காசாளர் நோட்டு எண்ண ஈர ஸ்பாஞ்ச் டப்பா வைத்திருப்பாரே, அதில் இரண்டு வாங்கி மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சீட்டு: ‘நாக்குக்கு ஓய்வு கொடுங்கள் ஐயா.’ முதல் நாள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில், ‘சார், டப்பா காய்ந்துகிடக்கிறது’ என்று என்னையே அதட்டினார்கள். தினமும் சாயங்காலம் ஸ்பாஞ்சை சோப்புப் போட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு நாறும்.

கொரோனா நாட்களில் ஆறடி இடைவெளி என்றோம். ஆறடி என்பது எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? டெம்மி அளவு, அதாவது ஏறக்குறைய எட்டரை அங்குல உயரமுள்ள புத்தகங்களைத் தரையில் நீளவாக்கில் அடுக்கச் சொன்னேன். எட்டரைப் புத்தகம் வந்தது. அந்த அரைப் புத்தகத்துக்கு ஒரு சண்டை! அதற்குப் பிறகு நெருங்கி நிற்பவரைப் பார்த்து, ‘அண்ணா, எட்டரை, எட்டரை’ என்று அவர்களே கத்தினார்கள்.

பயம் காட்டுவது பழைய வழி. இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டம், தொற்றுநோய் இருப்பது தெரிந்தும் நூலகப் புத்தகம் எடுப்பவருக்கு அபராதமே வைத்தது. நம் காலத்தில், 2020இல் அமெரிக்காவில் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பும் பேட்டெல் ஆய்வகமும் புத்தகங்களில் கொரோனா கிருமி எத்தனை நாள் தங்கும் என்று சோதித்தன. அடுக்கிவைத்த புத்தகங்களில் ஆறு நாள் கழித்தும் கிருமியின் தடம் இருந்தது. பல நூலகங்கள் திரும்பி வந்த புத்தகங்களைத் தனியே ஒதுக்கிவைத்தன. மறுவருடமே, பொருள்களைத் தொடுவதால் தொற்றும் அபாயம் குறைவு என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. விதி மாறுவது தப்பில்லை. மாறியதை வாசகரிடம் யார் சொல்வது? பலகையை மாட்டிய கைதான் கழற்றவும் வேண்டும்.

போன மாதம் ஒரு நூலகத்துக்குப் போயிருந்தேன், ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் ‘முகக்கவசம் இன்றி அனுமதி இல்லை’ என்று வெளுத்துப்போன பலகை. உள்ளே நூலகர் உட்பட ஒருவர் முகத்திலும் கவசம் இல்லை. குடிநீர்த் தொட்டிக்கு மேலே பளிச்சென்று புதுப் பலகை: ‘இங்கே கை கழுவாதீர்.’ அதன் அடியில் நின்று ஒருவர் நிதானமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். வேறு குழாய் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.