கைப்பழக்கம்
(கொழிஞ்சாம்பாறை நூலகக் கூட்டத்தில் பேசியது)

பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, பாலக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வார்டு மெம்பர் அவர்களே, நூலகச் செயலர் அவர்களே, வாடகை வாங்காமல் மைக் செட் கட்டிய தம்பி அவர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருவர் பெயர் விட்டுப்போய், ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

இன்று ஜனவரி 4. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் 1809-இல் பிறந்த நாள். பார்வையற்ற பிள்ளைகளோடு ஞாயிறுகளைக் கழிப்பது பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: கூட நடப்பது, பரீட்சை எழுதிக் கொடுப்பது, புத்தகம். நடப்பதற்கு ஒரு வரி போதும். பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவன் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். பரீட்சை எழுதிக் கொடுப்பதைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன். இன்று புத்தகம்.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் என்ற மிதப்போடு முதல் ஞாயிறு போனேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் புள்ளி குத்துவதற்கான சட்டமான பிரெயில் ஸ்லேட்டில் கெட்டிக் காகிதத்தை மாட்டி, "எழுதுங்க மாஷே" என்றான். முந்தின ராத்திரியே மனப்பாடம் செய்திருந்தேன். ஆறு புள்ளி, இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. 'இ' என்றால் 2, 4. டக் டக்கென்று குத்தினேன். காகிதத்தைக் கழற்றித் திருப்பித் தடவினான். விரல் நின்றது. "நான் என்ன தப்பு பண்ணினேன் மாஷே? 'ஏ'ன்னு கூப்பிடுறீங்க?"

அறையே சிரித்தது. குத்துவது ஒரு பக்கம், மேடு எழும்புவது மறுபக்கம். அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றிக் குத்த வேண்டும். நேராகக் குத்திய என் 2, 4 திரும்பியதும் 5, 1 ஆகி, 'ஏ' என்று நின்றுவிட்டது! எத்தனை பிள்ளைகளுக்கு 'இ' எழுதக் கை பிடித்துக் கொடுத்தவன் நான். சித்திரமும் கைப்பழக்கம், ஐயா.

அந்தப் பையன் வீட்டில் பேசுவது தமிழ். கைக்குக் கிடைப்பது மலையாளப் பிரெயில் மட்டும். "தமிழுக்குத் தனி வாத்தியார் வேண்டுமே" என்று ஓர் அலுவலகத்தில் கைவிரித்தார்கள். எதற்கு? 1951-இல் வந்த, இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயிலில், ஒலி ஒன்றானால் பெரும்பாலும் புள்ளியும் ஒன்று. 'க' மலையாளத்திலும் 1, 3. தமிழிலும் 1, 3. கண்ணுள்ள நமக்குத்தான் அது இரண்டு எழுத்து. கைப்பழக்கம் அவனுக்கு இருக்கிறது, புத்தகம்தான் இல்லை.

காப்புரிமைப் பயமும் வேண்டாம். லாப நோக்கமில்லாமல் இவர்கள் படிக்கும் வடிவில் மாற்றிக் கொடுக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. தமிழைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். அதைப் புள்ளியாக்க மென்பொருளும், காகிதத்தில் எழுப்ப எம்போஸரும் இருக்கின்றன. காலேஜ் பிள்ளைகளே, ராத்திரியெல்லாம் போனில் தட்டுகிறீர்களே, அதில் வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

என்ன புத்தகம் வேண்டும் என்று பையனைக் கேட்டேன். திருக்குறள் என்பான் என்று பார்த்தால், "ஜோக்கு புக்கு" என்கிறான். சரி, முதலில் அதுதான்.

தலைவர் அவர்களே, பிரெயில் புத்தகம் தடிமன். அலமாரி பெரிதாக வேண்டும். வடக்குச் சுவரோரம் உடைந்த கேரம் போர்டைச் சாய்த்து வைத்திருக்கிறோமே, அந்த இடம் போதும். போர்டை இன்றைக்கே நான் எடுத்துப் போகிறேன்.